பிரிட்டனில் வாழும் முன்னாள் கூர்க்கா வீரர்களுக்கு உதவுவது எப்படி? சங்கங்களுக்கும் தொண்டர்களுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

ஆல்டர்ஷாட், பார்ன்பரோ, ரெடிங், போக்ஸ்டன், லண்டனின் பிளம்ஸ்டெட். இந்த ஊர்களின் கடைவீதியிலும் பூங்காவிலும் நேபாளத் தொப்பி அணிந்த முதியவர்களை நிறையப் பார்க்கலாம். அவர்களில் பலர் கூர்க்காக்கள், அதாவது நேபாளத்தில் ஆள் எடுக்கப்பட்டு மலாயாவிலும் போர்னியோவிலும் பிரிட்டிஷ் ராணுவத்துக்காகத் துப்பாக்கி ஏந்தியவர்கள். 1997 ஜூலை 1-க்கு முன் ஓய்வு பெற்றவர்களுக்கு இந்த நாட்டில் குடியேறும் உரிமை நெடுங்காலம் மறுக்கப்பட்டது. நடிகை ஜோவன்னா லம்லி முன்னின்ற இயக்கம், 2008-ல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு, 2009 ஏப்ரல் 29-ல் நாடாளுமன்றத்தில் அரசு 246-க்கு 267 என்று தோற்ற வாக்கெடுப்பு எல்லாம் சேர்ந்துதான் கதவைத் திறந்தன. அதே ஆண்டு மே 21 அன்று, குறைந்தது நான்கு ஆண்டுகள் பணியாற்றிய எல்லா முன்னாள் கூர்க்காக்களும் குடியேறலாம் என்று அரசு அறிவித்தது.

உரிமை கிடைத்தபோது பலருக்கு அறுபது, எழுபது வயது. ஆங்கிலம் தெரியாது. காது கேட்காது, முழங்கால் மடங்காது. அவர்களைத் தாங்கிப் பிடிப்பவை ஊருக்கு ஊர் இருக்கும் சிறிய முன்னாள் வீரர் சங்கங்கள்தான். இவற்றில் உதவி செய்ய நம்மவர்களையும் அழைக்கிறார்கள். அதே தெருக்களில் குடியிருக்கிறோம், அதே கோயிலுக்குப் போகிறோம், படிவம் நிரப்பத் தெரியும். அப்படிப் போய் உட்கார்ந்த அனுபவத்தில், எந்த வேலையை எந்த வரிசையில் செய்தால் பலன் கிடைக்கிறது என்பதை இங்கே எழுதுகிறேன். உதவித்தொகை விதிகள் இங்கிலாந்தில் உள்ளபடி; ஸ்காட்லாந்தில் சில மாறும். தொகைகள் 2025-26 நிதியாண்டுக்கானவை. ஒவ்வொரு ஏப்ரலிலும் மாறும்.

முதல் படி: வந்திருப்பவர் எந்தக் காலத்து வீரர் என்று கேளுங்கள்

எல்லா கூர்க்காவுக்கும் ஒரே பென்ஷன் என்று நினைத்தால் முதல் நாளே தடம் மாறிவிடும். 1947-ல் பிரிட்டன், இந்தியா, நேபாளம் மூன்றும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, பிரிட்டிஷ் கூர்க்காக்களின் பழைய பென்ஷன் இந்திய ராணுவத்தின் ஊதிய விகிதத்தை ஒட்டி அமைந்தது. ஓய்வு பெற்றபின் நேபாளத்தில்தான் வாழ்வார்கள் என்ற கணக்கு அது. அதைப் பெறவும் 15 ஆண்டுகள் பணி முடிந்திருக்க வேண்டும்.

ஆக உங்களிடம் வருபவர் மூன்று வகையில் ஒருவராக இருப்பார். 15 ஆண்டு முடித்து, 1997-க்கு முன் ஓய்வு பெற்று, அந்தச் சிறிய பென்ஷனைப் பெறுபவர் ஒருவர். போர்னியோ மோதல் முடிந்தபின் 1960-களின் இறுதியில் நடந்த ஆட்குறைப்பில், 15 ஆண்டு நிறையுமுன் வீட்டுக்கு அனுப்பப்பட்டு, பென்ஷனே இல்லாதவர் இன்னொருவர். 1969-ல் கூர்க்கா வெல்பேர் டிரஸ்ட் என்ற தொண்டு அமைப்பு தொடங்கப்பட்டது இவர்களைப் போன்றவர்களை மனத்தில் வைத்துத்தான். மூன்றாமவர் 1997 ஜூலை 1-க்குப் பின் ஓய்வு பெற்றவர். 2007-ல் இவர்கள் பிரிட்டிஷ் ராணுவ பென்ஷனுக்கு மாறிக்கொள்ள வாய்ப்புத் தரப்பட்டது. ஆனால் 1997-க்கு முந்தைய பணிக்காலத்தைக் குறைத்தே மதிப்பிட்டார்கள். ஆப்கானிஸ்தானில் காயம்பட்டு வந்த இளைஞர்களும் இந்த வகைதான். மேற்கொண்டு எந்தப் படிவம் என்பது இந்த முதல் கேள்வியின் விடையைப் பொறுத்தது.

இரண்டாம் படி: சங்கத்தின் சட்ட வடிவம்

இது சுலபம், நேரத்தை இதில் கரைக்க வேண்டாம். ஆண்டு வருமானம் 5,000 பவுண்டுக்கு மேல் போகும் அறக்கட்டளைகள் சாரிட்டி கமிஷனில் பதிவு செய்ய வேண்டும். மூன்று அறங்காவலர்களாவது இருக்கட்டும். வங்கிக் கணக்கில் இருவர் கையெழுத்து கட்டாயம் என்று வையுங்கள். நிர்வாகக் குழுவில் பெண்கள் இருக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவேன். விதவைகளின் சிக்கல்கள் ஆண்கள் மட்டும் இருக்கும் கூட்டத்தில் வாய்க்கு வருவதே இல்லை.

ராணுவப் படிநிலையையும் கவனியுங்கள். சங்கத் தலைவர் பெரும்பாலும் முன்னாள் அதிகாரியாக இருப்பார். சாதாரண ரைபிள்மேனாக ஓய்வு பெற்ற முதியவர் அவர் முன்னால் விறைப்பாக நிற்பாரே தவிர, இரவில் படுக்கை நனைகிறது என்று சொல்லமாட்டார். உதவி மேசையில் அதிகாரியாக இருந்தவரை உட்கார வைக்காதீர்கள்.

ஒரு சட்ட எச்சரிக்கை. பிரிட்டனில் குடியேற்ற ஆலோசனை தருவது முறைப்படுத்தப்பட்ட தொழில். வழக்கறிஞரோ பதிவு பெற்ற ஆலோசகரோ அல்லாதவர் தந்தால், இலவசமாகவே தந்தாலும், 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். வளர்ந்த மகனை அழைத்துவர வேண்டும், மனைவியின் விசா நிராகரிக்கப்பட்டது என்று யாராவது வந்தால், பதிவு பெற்ற ஆலோசகரிடம் கைகாட்டி விடுங்கள். நல்லெண்ணத்தில் ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டு வம்பில் மாட்ட வேண்டாம்.

மூன்றாம் படி: ஆளுக்கு ஒரு அட்டை

சங்கத்தின் உண்மையான சொத்து, உறுப்பினர் பதிவேடுதான். ஒரே ஊரில் ஒரே பெயரில் பல பகதூர் குருங்குகள், பல பகதூர் ராய்கள் இருப்பார்கள். அதனால் பெயரைவிட ராணுவ எண்ணை முதலில் எழுதுங்கள். அப்புறம் படைப்பிரிவு, சேர்ந்த ஆண்டு, விலகிய ஆண்டு, நேஷனல் இன்ஷூரன்ஸ் எண், நேபாளத்தில் பென்ஷன் வாங்கும் அலுவலகம், வீட்டில் யார் யார், பேசும் மொழி. நேபாளி எல்லோருக்கும் தாய்மொழி அல்ல. குருங், மகர், லிம்பு பேசி வளர்ந்தவர்களும் உண்டு.

பிறந்த தேதி தனிக் கவனம் கேட்கும். மலைக்கிராமத்தில் ஆள் எடுத்தபோது எழுதப்பட்ட தேதி ராணுவப் பதிவில் ஒன்றாக இருக்கும், நேபாளக் குடியுரிமைச் சான்றில் வேறாக இருக்கும். அந்தச் சான்று விக்ரம சம்வத் ஆண்டில் இருக்கும். நம் ஆண்டைவிட ஏறக்குறைய 57 கூடுதல். மாற்றி எழுதும்போது நாளும் மாதமும் பிசகும். எந்த ஆவணத்தில் எந்தத் தேதி என்பதை அட்டையில் அப்படியே குறித்து வையுங்கள். அரசுப் படிவம் எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டிலும் விசாவிலும் உள்ள தேதியையே போடுங்கள்.

இந்த விவரங்களை வைத்திருக்க அவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். பூட்டி வைக்க வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் யாருடைய கடிதத்தையும் படம் எடுத்துப் போடக்கூடாது.

நான்காம் படி: வீட்டுக்குப் போங்கள்

சங்க அலுவலகத்தில் பார்க்கும் மனிதர் வேறு, வீட்டில் இருப்பவர் வேறு. அலுவலகத்துக்குக் கோட்டும் பதக்கமுமாக வருவார். வீட்டில்தான், மாடிப்படியை உட்கார்ந்தபடியே இறங்குவது தெரியும். குளியல்தொட்டிக்குள் கால் தூக்கி வைக்க முடியாமல் வாளியில் தண்ணீர் பிடித்துத் துடைத்துக்கொள்வது தெரியும். மருந்துப் பெட்டிகள் பிரிக்கப்படாமல் அடுக்கி இருப்பதும், திறக்கப்படாத அரசுக் கடிதங்களும் தெரியும்.

இரண்டு பேராகப் போங்கள், ஒருவர் பெண்ணாக இருந்தால் நல்லது. பேரப்பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். பதினான்கு வயதுப் பையன் வழியாகத் தன் சிறுநீர்க் கோளாறைச் சொல்ல எந்தத் தாத்தாவும் விரும்பமாட்டார். ஆஸ்பத்திரியிலும் ஜிபி எனும் குடும்ப மருத்துவரின் கிளினிக்கிலும் மொழிபெயர்ப்பாளரை, பொது மருத்துவச் சேவையான என்எச்எஸ் இலவசமாகத் தரும். முன்கூட்டிக் கேட்டால் போதும்.

ஐந்தாம் படி: அட்டெண்டன்ஸ் அலவன்ஸ்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைப் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள். அரசின் ஓய்வூதிய வயதைக் கடந்து, உடல் அல்லது மனக் குறைபாட்டால் இன்னொருவர் துணை தேவைப்படுபவருக்கான தொகை இது. பகலில் மட்டுமோ இரவில் மட்டுமோ துணை தேவை என்றால் வாரம் 73.90 பவுண்டு. இரண்டு வேளையும் தேவை என்றால் 110.40. வருமானம், சேமிப்பு எதையும் பார்ப்பதில்லை. காயம் போரில்தான் பட்டது என்று நிரூபிக்கவும் வேண்டாம். வேறு பல உதவிகளுக்கு இதுவே சாவியாகவும் இருக்கிறது. அதனால்தான் உதவித்தொகைகளில் முதலில் இதைச் செய்யச் சொல்கிறேன்.

தகுதி: ஆறு மாதமாகத் துணை தேவைப்பட்டிருக்க வேண்டும். கடந்த 156 வாரங்களில் 104 வாரங்கள் பிரிட்டனில் இருந்திருக்க வேண்டும். நேபாளிகளின் தசைன் பண்டிகைக்கு ஊருக்குப் போய் நான்கு மாதம் தங்கிவரும் பழக்கம் உள்ளவர்களுக்கு இந்த வாரக்கணக்கு இடிக்கும். பாஸ்போர்ட்டின் முத்திரைகளைப் பார்த்து நாட்களைக் கூட்டிவிட்டுப் படிவத்தைத் தொடுங்கள்.

படிவத்தைத் தொலைபேசியில் கேட்டு வாங்குங்கள். கேட்ட தேதியிலிருந்தே பணம் கணக்காகும். நிரப்பி அனுப்ப ஆறு வாரம் கிடைக்கும். இணையத்தில் இறக்கி அனுப்பினால் அது அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்த நாள்தான் கணக்கு. முன்தேதியிட்டு இந்தத் தொகையைத் தரமாட்டார்கள், ஆகவே ஒவ்வொரு வாரத் தாமதமும் நேரடி நஷ்டம்.

இனி நிரப்புவது. இங்கேதான் கூர்க்கா முதியவர்கள் தோற்கிறார்கள். உடை மாற்ற முடியுமா என்றால் முடியும் என்பார். படி ஏற முடியுமா, முடியும். வலியைச் சொல்வது அவர் வளர்ந்த விதத்துக்கே எதிரானது. எனவே "முடியுமா" என்று கேட்காதீர்கள். எவ்வளவு நேரம் ஆகிறது, எதைப் பிடித்துக்கொள்கிறீர்கள், செய்து முடித்தபின் மூச்சு வாங்குகிறதா, கடைசியாக விழுந்தது எப்போது, யார் தூக்கிவிட்டார், மனைவி ஊருக்குப் போயிருந்தபோது குளித்தீர்களா என்று கேளுங்கள். காலையில் கண் விழிப்பதிலிருந்து மறுநாள் காலை வரை 24 மணி நேரத்தை அவர் வாயாலேயே சொல்ல வைத்து எழுதிக்கொள்ளுங்கள்.

சட்டம் பார்ப்பது அவருக்கு என்ன துணை தேவை என்பதை. கிடைக்கிறதா என்பதை அல்ல. தனியாக வாழ்பவர், உதவ யாரும் இல்லாததால் குளிக்காமலே இருக்கிறார் என்றால், குளிக்க உதவி தேவை என்றே எழுத வேண்டும்.

இரவு என்பது வீடு அடங்கியபிறகு. இரவில் இரண்டு முறையோ, ஒரே தடவையில் 20 நிமிடம் அளவுக்கோ உதவி தேவைப்படுவதை எண்ணிக்கையோடு சொன்னால் உயர்ந்த தொகைக்கு வாய்ப்பு. கழிவறைக்குக் கைத்தாங்கலாகப் போவது, புரண்டு படுக்க உதவுவது, போர்க்கனவில் அலறி எழுபவரை அமைதிப்படுத்துவது எல்லாம் இதில் வரும்.

சமையல், கடைக்குப் போவது, வீடு கூட்டுவது இவற்றுக்கான உதவி கணக்கில் வராது. படிவத்தை அவற்றால் நிரப்பாதீர்கள். ஆங்கிலம் தெரியாததால் துணை தேவை என்பதும் செல்லாது. ஆனால் காது கேளாமல் பேச்சைப் புரிந்துகொள்ள ஒருவர் உதவி வேண்டும் என்பது செல்லும். பீரங்கிக்குப் பக்கத்தில் வருடக்கணக்கில் நின்றவர்களுக்கு இது முக்கியம். பலர் இரண்டையும் குழப்பி எழுதி வாய்ப்பை இழக்கிறார்கள்.

மருந்துச் சீட்டின் நகல், ஆஸ்பத்திரிக் கடிதங்கள், ஜிபியின் குறிப்பு ஆகியவற்றை இணையுங்கள். எழுதியதை அவர் மொழியில் வாசித்துக் காட்டிவிட்டு அவரே கையெழுத்திடட்டும். முழுப் படிவத்தையும் நகல் எடுத்து அட்டையோடு வையுங்கள்.

மறுத்தால்? ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்க வேண்டும். அதிலும் மறுத்தால் மேலும் ஒரு மாதத்துக்குள் தீர்ப்பாயம். அங்கே மொழிபெயர்ப்பாளரை அவர்களே ஏற்பாடு செய்வார்கள். ஒரு மறுப்புக் கடிதத்தோடு ஒதுங்கிவிடும் முதியவர்களைப் பார்க்கும்போது எனக்கு ஆற்றமாட்டாமல் இருக்கிறது. கூட நின்று தீர்ப்பாயம் வரை அழைத்துப் போங்கள்.

ஆறாம் படி: பென்ஷன் கிரெடிட்டும் அதைச் சுற்றியவையும்

வருமானம் குறைந்த முதியவரின் வாரத் தொகையைத் தனியாளுக்கு 227.10 பவுண்டு, தம்பதிக்கு 346.60 பவுண்டு வரை உயர்த்தித் தருவது பென்ஷன் கிரெடிட். இதற்கு மூன்று மாதம் வரை முன்தேதியிட்டுக் கேட்கலாம். நேபாளத்தில் வாங்கும் ராணுவ பென்ஷனைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அங்குள்ள இரண்டாவது வீடு, நிலம் ஆகியவையும் சொத்தாகக் கணக்கில் வரும். மறைத்தால் பல ஆண்டுத் தொகையைத் திருப்பிக் கட்டும் நிலை வரும். எண்பது வயதில் அது பெரிய அடி.

அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் கிடைத்ததும் இந்தக் கணக்கை மறுபடி பாருங்கள். தனியாக வாழ்பவருக்கு, அவரைக் காட்டி யாரும் பராமரிப்பாளர் தொகை வாங்காதபட்சத்தில், வாரம் 82.90 பவுண்டு கூடுதலாகச் சேரும். மகன் கூடவே குடியிருந்தால் பொதுவாகக் கிடைக்காது. ஆனால் உறவினர் அல்லாத இரண்டு முன்னாள் வீரர்கள் ஒரே வீட்டைச் சேர்ந்து வாடகைக்கு எடுத்து, அவரவர் பங்கைக் கட்டி வாழ்ந்தால், ஒருவர் இன்னொருவரின் உரிமையைக் கெடுக்கமாட்டார். கூர்க்கா முதியவர்கள் பலர் இப்படித்தான் குடியிருக்கிறார்கள்.

மனைவி வயதில் இளையவராக, இன்னும் ஓய்வூதிய வயதை எட்டாதவராக இருந்தால் சிக்கல். 2019 மே 15 முதல் அப்படிப்பட்ட தம்பதி புதிதாகப் பென்ஷன் கிரெடிட் கேட்க முடியாது, வேலை வயதினருக்கான யுனிவர்சல் கிரெடிட்டுக்குத்தான் போக வேண்டும். இந்த வழக்குகளை இலவச ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் போன்ற இடத்தில் காட்டிவிட்டு முடிவெடுங்கள்.

ஊருக்குப் போகும் முன் சங்கத்தில் சொல்லிவிட்டுப் போகும் வழக்கத்தைக் கொண்டு வாருங்கள். நான்கு வாரத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்தால் பென்ஷன் கிரெடிட் நிற்கும். அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் தற்காலிகப் பயணத்துக்கு 13 வாரம் வரை தொடரும்.

ஏழாம் படி: பணியில் பட்ட காயம்

2005 ஏப்ரல் 6 அன்றோ அதற்குப் பிறகோ பணியின் காரணமாக ஏற்பட்ட காயத்துக்கும் நோய்க்கும் ராணுவ இழப்பீட்டுத் திட்டம் தனியாக உண்டு. ஏழு ஆண்டுக்குள் கேட்க வேண்டும், பின்னாளில் வெளிப்படும் நோய்களுக்குச் சலுகை உண்டு. காயங்களை 15 நிலைகளாக வரிசைப்படுத்தி ஒரே தவணைத் தொகை தருவார்கள். கடுமையானவற்றுக்கு மாதாந்தரத் தொகையும் சேரும். இந்த விண்ணப்பத்தைச் சங்கம் தனியாகச் செய்ய வேண்டாம். முன்னாள் வீரர்களுக்கான தொண்டு அமைப்பான ராயல் பிரிட்டிஷ் லீஜியனில் இதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். கை கால் இழந்தவர்களுக்கு பிளெஸ்மா, பார்வை இழந்தவர்களுக்கு 1915-ல் தொடங்கிய பிளைண்ட் வெடரன்ஸ் யுகே, மனக் காயங்களுக்கு 1919 முதல் இயங்கும் காம்பாட் ஸ்ட்ரெஸ். சக்கர நாற்காலி, கட்டில், அடுப்பு போன்ற உடனடித் தேவைக்கு ராணுவக் குடும்பங்களுக்கான எஸ்எஸ்ஏஎப்ஏ தொண்டு அமைப்பின் உள்ளூர்த் தொண்டர் வீட்டுக்கே வந்து பார்ப்பார். ராணுவ எண்ணும் பணி விலகிய சான்றும் கையில் இருந்தால் இவர்களிடம் வேலை வேகமாக நடக்கும்.

எட்டாம் படி: வீடும் மருத்துவமும்

2014-ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டப்படி, யாருக்குத் தேவை இருப்பதாகத் தெரிந்தாலும் உள்ளாட்சி அமைப்பான கவுன்சில் இலவசமாக மதிப்பீடு செய்ய வேண்டும். எழுத்தில் கேளுங்கள். குளியல்தொட்டியை எடுத்துவிட்டு ஷவர் வைக்க, படிக்கட்டு நாற்காலி பொருத்த, இங்கிலாந்தில் 30,000 பவுண்டு வரை மானியம் உண்டு. வாடகைக்குக் குடியிருப்பவரும் கேட்கலாம், உரிமையாளர் சம்மதம் வேண்டும்.

ஜிபி கிளினிக்கில் "இவர் முன்னாள் ராணுவ வீரர்" என்று பதிவில் குறிக்கச் சொல்லுங்கள். ஆப் கரேஜ் என்ற முன்னாள் வீரர்களுக்கான என்எச்எஸ் மனநலச் சேவைக்குப் போவதை இந்தக் குறிப்பு எளிதாக்கும். பணியாற்றியதால் வீரர்கள் பாதிக்கப்படக்கூடாது என்ற, ராணுவத்தினருக்கான உடன்படிக்கையைக் கவுன்சிலும் என்எச்எஸ்ஸும் கவனத்தில் கொள்வது 2022 நவம்பர் முதல் சட்டக் கடமை. கடிதம் எழுதும்போது அதைக் குறிப்பிடுங்கள்.

ஒன்பதாம் படி: போராட்டத்தையும் உதவி மேசையையும் தனித்தனியே வையுங்கள்

சம பென்ஷன் கேட்டு நடக்கும் போராட்டம் நியாயமானது என்றே நான் நம்புகிறேன். பிரிட்டிஷ் கூர்க்கா வெல்பேர் சொசைட்டி இதை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை கொண்டுபோய் 2016-ல் தோற்றது. 2021 ஆகஸ்டில் டவுனிங் தெருவுக்கு எதிரே 13 நாள் உண்ணாவிரதம் நடந்தது. அந்தக் குரல் ஓயக்கூடாது. ஆனால் பென்ஷன் உயரும் நாள் வரை காத்திருக்க முடியாத முதியவர்கள் இருக்கிறார்கள். ஊர்வலத்துக்கு ஆள் திரட்டுபவரும் படிவம் நிரப்புபவரும் ஒரே ஆளாக இருந்தால், படிவம்தான் பின்னுக்குப் போகிறது. இரண்டுக்கும் தனிப் பொறுப்பாளர் போடுங்கள். பதிவு பெற்ற அறக்கட்டளை தன் நோக்கத்துக்காகக் குரல் கொடுக்கலாம். கட்சி அரசியல் மட்டும் கூடாது.

பத்தாம் படி: கணவர் உயிரோடு இருக்கும்போதே மனைவியின் தாள்களைச் சரிசெய்யுங்கள்

குடும்ப பென்ஷன் விதவைக்குப் போக, அவர் பெயர் கணவரின் ராணுவக் குடும்பப் பதிவில், கிண்ட்ரெட் ரோல் என்ற ஆவணத்தில், இருக்க வேண்டும். இரண்டாம் திருமணம், பெயரில் எழுத்து மாற்றம், ஊர்ப் பெயரும் பாஸ்போர்ட் பெயரும் வேறாக இருப்பது எல்லாமே கணவர் போனபின் மாதக்கணக்கில் இழுக்கும். அவர் இருக்கும்போது ஒரு கடிதத்தில் திருத்திவிடலாம்.

நினைவு தவற ஆரம்பித்தவருக்கு, அவர் சார்பில் உதவித்தொகையைப் பெற்று நிர்வகிக்க ஒருவரை நியமிக்கும்படி ஓய்வூதியத் துறையிடம் கேட்கலாம். சொத்து முடிவுகளுக்கு அது போதாது. புத்தி தெளிவாக இருக்கும்போதே அதிகாரப் பத்திரம் எழுதிவிட வேண்டும்.

இறப்புக்குப் பிறகு சங்கம் செய்ய வேண்டியவை: நேபாளத்துப் பென்ஷன் அலுவலகத்துக்கும் இங்குள்ள ஓய்வூதியத் துறைக்கும் தெரிவிப்பது, விதவை பென்ஷன் கிரெடிட் பெறுபவராக இருந்தால் ஈமச்சடங்கு உதவிக்கு ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிப்பது, அவர் பெயரில் பென்ஷன் கிரெடிட்டைப் புதிதாகக் கணக்கிடச் சொல்வது. அவருக்கே அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் இருந்து, இப்போது தனியாளாகிவிட்டார் என்றால், ஆறாம் படியில் சொன்ன அந்த 82.90 பவுண்டு இனி அவருக்கு உரியது. அலவன்ஸ் இல்லை என்றால், கணவரைத் தூக்கித் தாங்கியே முதுகு ஓய்ந்துபோன அவருக்காக ஒரு புதிய படிவத்தைத் தொலைபேசியில் கேட்டு வாங்குங்கள்.